மூன்றாம் இரவும் வருவான்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலித்துக் காத்து வரும் ஏக நாயனாம் அல்லாஹுத்தஆலாவுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், அருமைத் தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



மதீனா மாநகரில் ஓர் இரவு. ரமளானுடைய ஜகாத்தாக வந்து சேர்ந்த உணவுப் பொருள்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குக் காவலாக அபூஹுரைரா (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் நியமித்திருக்கிறார்கள். இருட்டில் ஒருவன் வருகிறான், கைநிறைய அள்ளுகிறான். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அவனைப் பிடித்துக் கொண்டு, உன்னை அல்லாஹ்வின் தூதரிடம் கொண்டு போய் நிறுத்துவேன் என்கிறார்கள். அவனோ கெஞ்சுகிறான். தான் ஏழை என்கிறான், பிள்ளைகுட்டிக்காரன் என்கிறான், கடும் தேவையில் இருப்பதாகச் சொல்கிறான். இளகிய நெஞ்சம் படைத்த அந்த ஸஹாபி அவனை விட்டு விடுகிறார்கள்.

பொழுது விடிந்ததும் நாயகம் (ஸல்) அவர்களே, இரவு உம்மிடம் சிக்கிய கைதி என்ன ஆனான் என்று கேட்கிறார்கள். நடந்ததை ஒளிக்காமல் அபூஹுரைரா (ரலி) அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். அவன் உம்மிடம் பொய் சொல்லியிருக்கிறான், மறுபடியும் வருவான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரிக்கிறார்கள்.

சொன்னபடியே இரண்டாம் இரவும் வந்தான். பிடிபட்டான். அதே வறுமை, அதே அழுகை. அதோடு இனி வரவே மாட்டேன் என்ற உறுதிமொழியும் சேர்ந்து கொண்டது. மறுபடியும் இரக்கம், மறுபடியும் விடுதலை. காலையில் மறுபடியும் அதே எச்சரிக்கை: அவன் திரும்ப வருவான்.

மூன்றாம் இரவும் வந்தான். இம்முறை விடுவதில்லை என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் உறுதியாக நின்றார்கள். அவன் வேறு வழியில் வந்தான். உமக்குப் பயன் தரும் சில சொற்களைக் கற்றுத் தருகிறேன் என்றான். படுக்கைக்குச் செல்லும்போது ஆயத்துல் குர்ஸியை ஓதினால் விடியும்வரை அல்லாஹ்விடமிருந்து ஒரு காவலர் உம்முடன் இருப்பார், ஷைத்தான் நெருங்க மாட்டான் என்றான். அவனை அன்றும் விட்டு விட்டார்கள். காலையில் நாயகம் (ஸல்) அவர்கள், அவன் பொய்யனாக இருந்தும் இதில் உண்மை சொன்னான் என்று கூறிவிட்டு, மூன்று இரவுகளாக உம்மிடம் பேசியவன் யார் தெரியுமா என்று வினவினார்கள். தெரியாது என்றார்கள் அபூஹுரைரா (ரலி) அவர்கள். அவன்தான் ஷைத்தான் என்றார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள்.

ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இந்த நிகழ்ச்சியை ஆயத்துல் குர்ஸியின் மகிமையை விளக்குவதற்காக நாம் பல பயான்களில் கேட்டிருக்கிறோம். இன்று அதன் இன்னொரு பக்கத்தைக் கொஞ்சம் சிந்திப்போம். திருடன் ஒரு முறை வந்து தோற்றுப் போனால் போய்விடுவதில்லை. மீண்டும் வருகிறான். வரும்போது அதே பேச்சோடு வருவதில்லை. முதல் நாள் நம் இரக்கத்தைத் தட்டினான். இரண்டாம் நாள் உறுதிமொழி கொடுத்தான். மூன்றாம் நாள் நன்மையைக் கையில் ஏந்தி வந்தான். நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருக்கும் கைபேசிக்குள் இன்று நுழையப் பார்க்கும் திருடனும் இந்த மூன்று வேடங்களையும் போடுகிறான்.

எங்கள் மஹல்லாவில் நடந்தது

சில காலத்துக்கு முன் எங்கள் மஹல்லாவில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். குமர் காரியங்களுக்கு வீடு வீடாகப் போய் வசூலித்து, ஒரு பைசா குறையாமல் உரியவர் கையில் சேர்த்து வந்த பெரியவர் அவர். மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். அவருடன் பேசுவதற்காகவே வாட்ஸ்அப் பழகிக் கொண்டவர்.

ஒரு நாள் அவருடைய கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியாக வந்தது. அவர் எதையும் கேட்கவில்லை. எண் மட்டும் வந்தது. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் எண் வந்த சற்று நேரத்தில் ஓர் அழைப்பு. ஸலாம் சொல்லி, மிக மரியாதையாகப் பேசினான் ஒருவன். உம்ரா செல்வோருக்கான குழுவில் உங்களைச் சேர்த்திருக்கிறோம், வந்திருக்கும் எண்ணை மட்டும் சொல்லுங்கள் ஹாஜியார் என்றான். சொல்லி விட்டார்.

ஐந்து நிமிடத்தில் அவருடைய வாட்ஸ்அப் வேறொருவன் கைக்குப் போய்விட்டது. அவர் பெயரில், அவர் படத்தோடு, அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி பறந்தது: மருத்துவமனையில் அவசரம், உடனே பணம் அனுப்புங்கள். தையல் இயந்திரத்தில் மிதித்து இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றி வரும் ஒரு விதவைச் சகோதரி 5,000 ரூபாய் அனுப்பினார். ஏனம்மா விசாரிக்காமல் அனுப்பினாய் என்று பிறகு கேட்டபோது அவர் சொன்ன பதில் இதுதான்: அவர் கேட்டால் அது நல்ல காரியத்துக்காகத்தானே இருக்கும், ஹஜ்ரத்!

சகோதரர்களே! அந்தத் திருடன் கொள்ளையடித்தது எதை? 5,000 ரூபாயையா? நாற்பது ஆண்டுகளாக ஒரு மனிதர் சேர்த்து வைத்த நம்பிக்கையை அல்லவா அவன் களவாடினான்! நம் வாட்ஸ்அப்பும், ஈமெயிலும், வங்கிக் கணக்கும் நமக்கு மட்டும் சொந்தமானவை என்று எண்ணி, போனால் எனக்குத்தானே நஷ்டம் என்று அலட்சியமாக இருந்து விடுகிறோம். அவற்றுக்குள் உறவினரின் ரகசியம் இருக்கிறது. பெண்களின் புகைப்படம் இருக்கிறது. ஜமாஅத்தின் கணக்கு இருக்கிறது. நம் பெயரை நம்பி உதவ வருகிறவர்களின் நல்லெண்ணம் இருக்கிறது. இவை யாவும் அமானத்து. அமானத்துகளை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹுத்தஆலா ஸூரா நிஸாவில் கட்டளையிடுகிறான். ஒப்படைக்க வேண்டுமானால் முதலில் அது நம்மிடம் பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா?

ஏன் மீண்டும் மீண்டும் வருகிறான்?

வீட்டுக்கு வரும் திருடன் நாய் குரைத்தால் ஓடி விடுகிறான். இணையத் திருடன் ஓடுவதில்லை. ஏனெனில் கதவைத் தட்டுவது பெரும்பாலும் அவன் கையன்று. அவன் ஏவி விட்ட இயந்திரம். அதற்கு உறக்கமில்லை, சலிப்பில்லை. ஒரு கதவு திறக்காவிட்டால் அவனுக்கு நஷ்டம் ஏதுமில்லை. அடுத்த கதவுக்குப் போகும். நாளை திரும்பவும் நம் கதவுக்கு வரும்.

அதன் கையில் சாவிக் கொத்தும் இருக்கிறது. 2009 டிசம்பரில் ராக்யூ என்னும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் வெளியாயின. அவற்றை ஆராய்ந்தபோது ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் வைத்திருந்த கடவுச்சொல் 123456 என்பது தெரிய வந்தது. இத்தகைய பட்டியல்கள் இன்று திருடர்களின் கையில் குவிந்து கிடக்கின்றன. எந்தச் சொற்களை மனிதர்கள் விரும்பி வைக்கிறார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

இங்கே நம் சமுதாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பரக்கத்தை நாடிப் பெயருக்குப் பின்னால் 786 என்று சேர்த்துக் கடவுச்சொல் வைத்துக் கொள்வோர் நம்மில் பலர். மகன் பெயரும் 786உம். கடையின் பெயரும் 786உம். நம்மை அறிந்தவன் முதலில் முயன்று பார்ப்பது அதைத்தான். பிறந்த ஆண்டு, வண்டி எண், பிள்ளையின் பெயர் ஆகிய யாவும் அத்தகையனவே. வாசலில் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை மிதியடிக்குக் கீழே வைத்தது போல!

இதைவிடப் பெரிய தவறு ஒன்றுண்டு. ஒரே கடவுச்சொல்லை எல்லா இடங்களிலும் வைப்பது. டிராப்பாக்ஸ் என்னும் நிறுவனத்தில் 2012ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். அங்கு வேலை செய்த ஒருவர் வேறோர் இணையத்தளத்தில் வைத்திருந்த அதே கடவுச்சொல்லை அலுவலகக் கணக்குக்கும் வைத்திருந்தார். அங்கே திருடு போன சாவி இங்கேயும் திறந்தது. அவ்வாண்டுக் களவில் 6 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் பறிபோயிருந்தது 2016இல் வெளிச்சத்துக்கு வந்தது. வாசற்கதவுக்கும் பீரோவுக்கும் கடைக்கும் ஒரே சாவி வைப்பவர் நம்மில் யாரேனும் உண்டா? இணையத்தில் மட்டும் ஏன் வைக்கிறோம்?

ஹிர்ஸ் என்னும் காப்பு

அல்லாஹ் பார்த்துக் கொள்வான் என்று சொல்லிப் பேசாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அல்லாஹ் பார்த்துக் கொள்வான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்து விட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாகத் திர்மிதியில் வரும் ஹதீஸ் நாம் அறிந்ததே. ஹிஜ்ரத்தின்போது மதீனா வடக்கே இருக்க, தெற்கே உள்ள தவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்களே, எதற்காக? ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) அவர்கள் ஆட்டு மந்தையை ஓட்டி வந்து காலடித் தடங்களை அழித்தார்களே, எதற்காக? தவக்குலின் உச்சியில் இருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாட்டில் ஓர் அணுவும் குறை வைக்கவில்லை.

நம் ஃபிக்ஹு நூல்களில் ஹிர்ஸ் என்றொரு சொல் உண்டு. ஒரு பொருளை அதற்குத் தகுந்த பாதுகாப்பில் வைப்பது என்பது அதன் கருத்து. தங்கத்துக்கு ஏற்ற காப்பு வேறு. விறகுக்கு ஏற்ற காப்பு வேறு. ஆடுமாடுகளுக்கு ஏற்ற காப்பு வேறு. எது ஹிர்ஸ் என்பதை அந்தந்தக் காலத்தின், ஊரின் வழக்கமே தீர்மானிக்கிறது என்று இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். தங்கத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, நான் பத்திரமாகத்தான் வைத்தேன் என்று யாரும் வாதாட முடியாது. இக்காலத்து இணையக் கணக்குகளுக்கு ஹிர்ஸ் எது? ஐந்து காரியங்களைச் சொல்கிறேன். வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளையை அருகில் வைத்துக் கொண்டு இன்றே செய்து முடியுங்கள்.

முதலாவது: ஈமெயிலைக் காப்பாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல் மறந்து போனால் புதிதாக வாங்குவது பெரும்பாலும் ஈமெயில் வழியாகத்தான். ஆகவே ஈமெயில் போனால் மற்றவையும் போகும். சாவிகளையெல்லாம் தொங்க விட்டிருக்கும் ஆணி அது. அதற்கென்று தனிக் கடவுச்சொல், வேறு எங்கும் வைக்காததாக, இருக்கட்டும்.

இரண்டாவது: கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். ஆங்கிலச் சிறு எழுத்துகளில் எட்டு வைப்பதற்கும் பன்னிரண்டு வைப்பதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். திருடன் முயன்று பார்க்க வேண்டிய வகைகள் 4,56,976 மடங்கு கூடி விடுகின்றன! ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள், நினைவிலும் நிற்கும். மாதந்தோறும் மாற்ற வேண்டும் என்று முன்பு சொல்லி வந்தார்கள். அப்படிக் கட்டாயப்படுத்தி மாற்றச் சொல்ல வேண்டாம், நீளமாக வைக்கச் சொல்லுங்கள், திருட்டுப் பட்டியல்களில் உள்ள சொற்களை ஏற்காதீர்கள் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமே 2017இல் வழிகாட்டியது. களவு போனதாக ஐயம் வந்தால் அப்போது உடனே மாற்ற வேண்டும். மறதி உள்ளவர்கள் ஒரு சிறு நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி வைத்தாலும் குற்றமில்லை. கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. கைபேசியின் உறைக்குள் மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

மூன்றாவது: ஒரே வாசலை நம்பியிராதீர்கள். யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களை மிஸ்ருக்கு அனுப்பியபோது ஒரே வாசல் வழியாக நுழையாமல் வெவ்வேறு வாசல்கள் வழியாக நுழையும்படி சொல்லி அனுப்பியதை ஸூரா யூஸுஃபில் ஓதுகிறோம். கண்ணேறு படாமலிருக்க அவ்வாறு சொன்னதாக முஃபஸ்ஸிரீன்களில் பலர் கூறுவர். சொன்ன கையோடு, அல்லாஹ்வின் நாட்டத்தை என்னால் தடுக்க இயலாது, அவன் மீதே தவக்குல் வைத்தேன் என்றும் அவர்கள் கூறினார்கள். ஒரே வழியை மட்டும் நம்பாமல் ஏற்பாடு செய்வதும், முடிவை அல்லாஹ்விடம் விடுவதும் அங்கே கை கோத்து நிற்கின்றன. உங்கள் கணக்குகளில் இரு படிச் சரிபார்ப்பு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை இயக்கி விட்டால் கடவுச்சொல் திருடு போனாலும் திருடன் இரண்டாவது வாசலில் நிற்க வேண்டி வரும். வாட்ஸ்அப்பிலும் ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை நீங்களே வைத்துக் கொள்ளும் இந்த ஏற்பாடு உண்டு. நம் பெரியவர் அதை வைத்திருந்தால், குறுஞ்செய்தியில் வந்த எண்ணை அவர் சொல்லியிருந்தும் அன்று திருடன் உள்ளே புகுந்திருக்க மாட்டான்.

நான்காவது: பழைய தொலைபேசி எண்ணை மறவாதீர்கள். சபுராளி வீடுகளில் இது அடிக்கடி நேர்கிறது. மகன் வெளிநாடு போகிறார். ஊர் எண்ணை அப்படியே விட்டு விடுகிறார். பயன்படுத்தாத எண் செயலிழந்து சில மாதங்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படுகிறது. வங்கியும் ஈமெயிலும் அந்த எண்ணோடு பிணைந்திருந்தால் நம் சாவி முன்பின் அறியாதவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். எண்ணை மாற்றினால் கணக்குகளிலும் மாற்றி விட வேண்டும்.

ஐந்தாவது: கைபேசியிலும் கணக்கிலும் வேறு எந்தக் கருவிகள் நுழைந்திருக்கின்றன என்பதை மாதம் ஒரு முறை பாருங்கள். அந்தப் பட்டியல் ஈமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது. தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றி விடுங்கள். வாரம் ஒரு முறை ஒட்டடை அடிப்பதில்லையா? அது போலத்தான்.

உள்ளே இருப்பவர் திறந்தால்?

இத்தனை பூட்டும் போட்டாயிற்று. ஆயினும் உள்ளே இருப்பவரே எழுந்து வந்து தாழ்ப்பாளை நீக்கினால் பூட்டு என்ன செய்யும்?

2022 செப்டம்பரில் ஊபர் என்னும் வாடகை வண்டி நிறுவனத்தில் நடந்ததை அந்நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் திருடன் கைக்குக் கிடைத்து விட்டது. ஆனால் அங்கே இரண்டாவது வாசல் இருந்தது. திருடன் நுழைய முயலும் ஒவ்வொரு தடவையும், அனுமதிக்கலாமா என்று ஊழியரின் கைபேசி கேட்டது. அவர் அனுமதிக்கவில்லை. திரும்பவும் கேட்டது. திரும்பவும் அனுமதிக்கவில்லை. திருடன் நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு தடவை ஊழியர் சம்மதம் கொடுத்து விட்டார். அவ்வளவுதான், உலகப் பெரும் நிறுவனம் ஒன்றின் கதவு திறந்தது. பூட்டு உடையவில்லை, காவலர் அசந்து விட்டார்.

இங்கேதான் ஸூரா நாஸில் அல்லாஹுத்தஆலா ஷைத்தானுக்குச் சூட்டியிருக்கும் பெயரை நினைத்துப் பார்க்க வேண்டும். கன்னாஸ் என்கிறான். பின்வாங்கிப் பதுங்குகிறவன் என்பது அதன் பொருள். அல்லாஹ்வை நினைத்தால் பதுங்குகிறான். மறந்தால் மறுபடி வருகிறான் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். அவனுடைய ஆயுதம் பலமன்று. திரும்பத் திரும்ப வருவது. நம்முடைய பலவீனம் அறியாமை மட்டுமன்று, சலித்துப் போவது.

ஆகவே, நீங்கள் கேட்காமலே ஓர் எண்ணோ, அனுமதிக்கவா என்ற கேள்வியோ கைபேசிக்கு வந்தால் அதைக் கதவு தட்டும் ஓசை என்று எடுத்துக் கொள்ளுங்கள். பதற வேண்டாம். கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது. அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். வங்கி அதிகாரி என்றாலும், மகனின் நண்பன் என்றாலும், ஸலாம் சொல்லி ஹதீஸ் ஓதினாலும் சொல்லாதீர்கள். எந்த வங்கியும் ஓ.டி.பி.யைக் கேட்பதில்லை. கடவுச்சொல் சரியாக இருந்தால் மட்டுமே இரண்டாவது எண்ணைக் கேட்கும் கணக்குகளும் உண்டு. அப்படிப்பட்ட கணக்கிலிருந்து எண் வந்தால் முதல் வாசல் திறந்து விட்டது என்று பொருள். உடனே கடவுச்சொல்லை மாற்றி விடுங்கள். மாற்றுவதற்கும் செய்தியில் வந்த லிங்க்கைத் தொடாதீர்கள். அந்தச் செய்தியே திருடன் அனுப்பியதாக இருக்கலாம். நீங்களாகவே அந்தச் செயலியைத் திறந்து உள்ளே போய் மாற்றுங்கள்.

தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்து விட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று ஸூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். தெரிந்தவர் பெயரில் பணம் கேட்டு வந்தாலும் அனுப்புவதற்கு முன் அவருக்கு நேராகப் போன் செய்து குரலைக் கேளுங்கள். குரலையும் போலியாகச் செய்யும் காலம் வந்து விட்டது; ஆகவே உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். நல்லெண்ணம் வேண்டும், அதற்கு விசாரணை முரண் ஆகாது.

மறைக்காதீர்கள்

இப்போது அந்த மூன்று இரவுகளுக்குத் திரும்பி வருவோம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஒவ்வொரு காலையும் என்ன செய்தார்கள்? நடந்ததை நடந்தபடியே நாயகம் (ஸல்) அவர்களிடம் சொன்னார்கள். ஏமாந்து விட்டேனே, காவலுக்கு வைத்தார்களே, என்ன நினைப்பார்கள் என்று ஒளிக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்களும் கடிந்து கொள்ளவில்லை, அவமானப்படுத்தவில்லை, திருடன் மீண்டும் வருவான் என்று விழிப்பூட்டினார்கள். ஏமாந்தவர் சொல்ல வேண்டும். கேட்பவர் இகழாமல் எச்சரிக்க வேண்டும். இரண்டு ஸுன்னத்தான பாடங்கள் இதில் இருக்கின்றன.

நம் பெரியவர் வெட்கத்தால் இரண்டு நாள் வெளியே சொல்லவில்லை. அந்த இரண்டு நாளில் இன்னும் சிலர் பணம் அனுப்பி விட்டார்கள். பிள்ளைகள் திட்டுவார்கள், மஹல்லாவில் சிரிப்பார்கள் என்ற அச்சம். பல வீடுகளில் தாய்மார்களும் இதே அச்சத்தால்தான் வாய் மூடி இருந்து விடுகிறார்கள். இளைஞர்களே! உங்கள் உம்மா ஏமாந்து வந்து நின்றால் ஏன் சொன்னாய் என்று கத்தாதீர்கள். நீங்கள் கத்தினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். திருடனுக்கு அதுவே போதும்.

பணம் போய்விட்டால் இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, பணம் கை மாறிப் போகும் முன் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. வாட்ஸ்அப் பறிபோனால் உங்கள் எண்ணை மறுபடி பதிவு செய்து, குறுஞ்செய்தியில் வரும் எண்ணைக் கொடுங்கள். திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் அதற்குள் தனக்கென்று ரகசிய எண் வைத்து விட்டிருந்தால் நீங்கள் நுழைய 7 நாள் காத்திருக்க நேரும். ஆயினும் அவனும் உள்ளே இருக்க முடியாது. வேறு எண்ணிலிருந்து எல்லோருக்கும் சொல்லி விடுங்கள்.

அந்தப் பெரியவர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் எழுந்து நின்றார். குரல் தழுதழுக்க நடந்தது அனைத்தையும் சொன்னார். என் பெயரால் யார் கேட்டாலும் என் முகத்தைப் பார்க்காமல் தராதீர்கள் என்றார். பள்ளிவாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று அஸருக்குப் பிறகு மூன்று பேர் வந்து, எங்களுக்கும் அந்த எண் வந்து கொண்டிருக்கிறது என்றார்கள். அவர் சொன்னதால் அந்த மூன்று வீடுகளும் தப்பின. அமானத்தைப் பொறுப்பேற்றவர் அலட்சியமின்றிக் காத்தும் அது தொலைந்தால் ஈடு கட்டக் கடமையில்லை. அலட்சியம் இருந்தால் கடமை என்பது ஃபிக்ஹின் பொது விதி. தம்முடையது எந்த வகை என்று அவர் ஃபத்வா கேட்டுக் கொண்டிருக்கவில்லை. தம் கைப்பணத்திலிருந்து 5,000 ரூபாயை அந்தத் தையற்காரச் சகோதரியின் வீட்டில் கொண்டு போய்க் கொடுத்து விட்டு வந்தார். அவர் வேண்டாம் என்று அழுதார். இவர் வைத்து விட்டு வந்தார். அல்லாஹ் அவர்கள் இருவருக்கும் பரக்கத் செய்வானாக!

நம் கையும் சுத்தமாக இருக்கட்டும்

முடிக்கும் முன் ஒன்று. நம் கதவைக் காக்கும் நாம் பிறர் கதவைத் தட்டாதிருக்கிறோமா? நண்பனின் கடவுச்சொல்லை ஊகித்து நுழைவதை விளையாட்டாகக் கருதும் வாலிபர்கள் இருக்கிறார்கள். மனைவியின் செய்திகளைக் கணவனும், கணவனின் செய்திகளை மனைவியும் களவாகப் புரட்டிப் பார்ப்பதும் நடக்கிறது. பிறர் வீட்டில் அனுமதி பெற்று ஸலாம் சொல்லாமல் நுழையாதீர்கள் என்று ஸூரா நூரிலும், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று ஸூரா ஹுஜுராத்திலும் அல்லாஹ் தடுத்திருக்கிறான். துவாரம் வழியே தம் இல்லத்துக்குள் எட்டிப் பார்த்த ஒருவரைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்கள் கோபம் கொண்டு, அனுமதி கேட்கும் விதியே பார்வையின் காரணமாகத்தான் ஏற்பட்டது என்று உணர்த்தியதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. கைபேசியின் திரையும் அத்தகைய துவாரமே. சிறு பிள்ளைகளைக் கண்காணிப்பது பெற்றோரின் பொறுப்பு, அது வேறு. வளர்ந்தவர்களை வேவு பார்ப்பது வேறு. நாட்டுச் சட்டத்திலும் பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆகிரத்தின் கேள்வி கணக்கு அதைவிடக் கடினமானது.

அன்பானவர்களே! இரவு வந்ததும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கதவுகளை அடையுங்கள், தோல்பையின் வாயைக் கட்டுங்கள், பாத்திரங்களை மூடுங்கள், விளக்கை அணையுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். அடைத்த கதவை ஷைத்தான் திறப்பதில்லை என்றும் அறிவித்திருக்கிறார்கள். கதவை அடைப்பது நம் கையின் வேலை. பிஸ்மில்லாஹ் நம் நாவின் வேலை. கையை விட்டு நாவை மட்டும் வைத்துக் கொண்டவர் ஒட்டகத்தைக் கட்டாதவர். நாவை விட்டுக் கையை மட்டும் நம்பியவர் காப்பவனை மறந்தவர்.

ஆகவே இன்றிரவு வாசலைத் தாழிடும்போது கைபேசியின் வாசலையும் பாருங்கள். பார்த்து விட்டு ஆயத்துல் குர்ஸியை ஓதிக் கொண்டு படுங்கள். நாளையும் அவன் வருவான். நாளையும் ஓதுங்கள், நாளையும் தாழிடுங்கள். மூன்றாம் இரவும் வருவான். மூன்றாம் இரவும் நாம் விழித்திருப்போம், இன்ஷா அல்லாஹ்!

யா அல்லாஹ்! எங்கள் பொருளையும், மானத்தையும், பிறர் எங்களை நம்பித் தந்த அமானத்துகளையும் காத்தருள்வாயாக! ஏமாற்றுவோரின் சூழ்ச்சியிலிருந்தும், எங்கள் சொந்த அலட்சியத்திலிருந்தும் எங்களைப் பாதுகாப்பாயாக! ஏமாந்தவர்களின் துயரை நீக்கி, இழந்ததை விடச் சிறந்ததை அவர்களுக்கு வழங்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.